கொள்ளுக்குத் திறக்கிற வாய் கடிவாளத்துக்கு ஏன் மூடுகிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் ஒரு செவலை மார்வாரிப் பெட்டையை வாங்கினாராம். பல்லைப் பார்த்து 6 வயது என்றார்கள், மேளம் கேட்டால் நின்ற இடத்திலேயே கால் தூக்கி ஆடும் என்று சொல்லி விலையும் கூட்டி வாங்கியிருக்கிறார்கள். இப்போது 8 மாதம் ஆகிறது. அவர் கடிதத்தின் சுருக்கம் இது:

"மரத்தில் கட்டினால் ஆடிக்கொண்டே நிற்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. காதுப் பக்கம் கை போனால் தலையை வானத்துக்குத் தூக்கிவிடும். கடிவாளத்தைப் பார்த்தாலே பல்லைக் கடித்துக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் பின்னங்காலில் எழும்புகிறது, இரண்டு முறை அறுத்துக்கொண்டும் ஓடிவிட்டது. சுழி சரியில்லை, விற்றுவிடு என்கிறார் ஒருவர். முள் கடிவாளம் போட்டு நாலு நாள் ஓட்டு, அடங்கும் என்கிறார் இன்னொருவர். எனக்கு அடிக்க மனசு வரவில்லை. என் மனைவி போனால் மட்டும் கொஞ்சம் நிற்கிறது. எட்டாவது படிக்கிற மகள் ஏற வேண்டும் என்று நச்சரிக்கிறாள். அடிக்காமல் பழக்க முடியுமா, எத்தனை நாள் ஆகும், வருகிற ஆடிக்குச் சாமி ஊர்வலத்துக்குக் கூட்டிப்போகலாமா?"

கூடவே மூன்று வீடியோக்களும் அனுப்பியிருந்தார். நல்ல வேளை.

வணக்கம்.

சுழியை முதலில் முடித்துவிடுவோம். சுழி பார்த்து விலை பேசுவது சந்தையில் காலங்காலமாக இருக்கிற வழக்கம், விற்கப் போனால் அதனால் உங்களுக்கு லாபமோ நட்டமோ வரலாம், அது வேறு. ஆனால் குதிரை கயிற்றை அறுப்பதற்கும் அதன் நெற்றி மயிர் எந்தப் பக்கம் சுழிந்திருக்கிறது என்பதற்கும் 22 வருடமாகக் குதிரை பழக்குகிற வேலையில் இருக்கும் நான் ஒரு சம்பந்தத்தையும் பார்த்ததில்லை. முள் கடிவாளம் சொன்னவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவர் காலத்தில் அவருக்குக் கிடைத்த பாடம் அது. நீங்கள் மட்டும் அதை வாங்காதீர்கள். மத்திய அரசு 1965இல் போட்ட விதிகளிலேயே அது தடை செய்யப்பட்டதுதான், அப்படியும் சந்தையில் கிடைக்கிறது. அது வாயைக் கிழிக்கும். கிழிந்த வாயோடு குதிரை நிற்கும், அதைப் பார்த்து அடங்கிவிட்டது என்பார்கள்.

இப்போது வீடியோ. குதிரை வீடியோ எதுவானாலும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன், மனுஷன் பேசுகிற பேச்சு கண்ணை மறைத்துவிடும். முதல் வீடியோவில் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள், மூன்றாவது ஆள் பின்னால் நின்று கையைத் தட்டுகிறார், செவலை ஆடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். வால் ஒட்டிக் கிடக்கிறது, கண்ணுக்கு மேலே தோல் முக்கோணமாகச் சுருங்கியிருக்கிறது, கண்ணில் வெள்ளை தெரிகிறது, கீழுதடும் மோவாயும் கல் மாதிரி இறுகியிருக்கின்றன, இரண்டு நிமிடத்துக்குள் மூன்று தடவை லத்தி போடுகிறது, அதுவும் இளகலாக. சந்தோஷத்தில் ஆடுகிற உடம்பு இப்படி இருக்காது.

ஆட்டக் குதிரையை எப்படிப் பழக்குகிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லோரையும் சொல்லவில்லை, வெல்லத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற ஓரிருவரை எனக்கே தெரியும். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? இரண்டு பக்கமும் கயிறு போட்டு, முன்னால் போகவும் வழியில்லாமல் பின்னால் போகவும் வழியில்லாமல் நிறுத்தி, மேளத்துக்குத் தக்கபடி காலில் குச்சியால் தட்டுவார்கள், காலைத் தூக்கினால் தட்டு நிற்கும். அப்படித்தான் அது ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது: மாட்டிக்கொண்டால், பயமாக இருந்தால், வேகமாகக் காலைத் தூக்கு, பயமுறுத்துவது போய்விடும். இன்றைக்கு உங்கள் தோப்பில் தனியாகக் கட்டிக் கிடக்கும்போது மட்டை விழுகிறது, பயப்படுகிறது, காலைத் தூக்குகிறது. இங்கே குச்சி வைத்திருக்கிற ஆளே இல்லை, ஆகவே எதுவும் நிற்பதில்லை. இன்னும் வேகமாகத் தூக்குகிறது. வியர்வை அதனால்தான். நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கியதும் இப்போது தொல்லை என்று எழுதியிருப்பதும் ஒரே பழக்கம்தான்.

பழக்குவதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், வலி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வலிக்கிற குதிரைக்கு எந்த வித்தையும் ஏறாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டுகிற தூரம்தான், ஆனால் வண்டியில் ஏற்றுவதே இப்போது பெரிய பாடு என்பதால் குதிரை பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரைத் தோப்புக்கே வரச் சொல்லுங்கள். அவரிடம் முதலில் வாயைக் காட்டுங்கள். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம், பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போது மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும், அதை அரத்தால் ராவிவிட வேண்டும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் இருக்கும், கடிவாளக் கம்பி போய் அதில் இடித்தால் உயிர் போகும். நாக்கில் பழைய தழும்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள், முள் கடிவாளம் ஏற்கனவே போட்ட வாய்தானா என்று அதில் தெரியும்.

அடுத்து காது. மார்வாரிக் காது உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொடுகிற காது, அழகுதான், ஆனால் உள்ளே உண்ணி ஏறி உட்கார்ந்துவிட்டால் வெளியே தெரியாது. காதைத் தொட்டால் கடிக்க வருகிறது என்று என்னிடம் கொண்டுவந்த ஒரு குதிரைக்கு நான் ஒரு மாதம் ஏதேதோ பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மருத்துவர் மயக்க ஊசி போட்டுப் பார்த்தால் உள்ளே கொத்தாக உண்ணி. அந்த ஒரு மாதம் நான் அதற்குச் செய்தது என்ன என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. காதில் ஒன்றுமே இல்லை என்றால், யாரோ காதைத் திருகிப் பிடித்து மருந்து கொடுத்தோ லாடம் அடித்தோ இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், குளம்பின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீர் பாய்கிற தோப்பில் எந்நேரமும் ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். வந்த கையோடு டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுவிடட்டும், குதிரைக்கு அது சுலபமாகத் தொற்றும்.

தீவனம். கொள்ளு, மக்காச்சோளம், தவிடு எல்லாம் சேர்த்து தினம் 6 கிலோ வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்புதான், ஆனால் ஒரு வேலையும் செய்யாமல் கட்டிக் கிடக்கிற குதிரைக்கு அது ரொம்ப ரொம்ப அதிகம். அது வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தணிக்கிற எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும், ஆகவே தானியத்தைப் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு மீதி நேரம் வெறும் வாயோடு நின்றால் வயிறு புண்ணாகும், புண்ணான வயிற்றோடு எந்தப் பிராணியும் பொறுமையாக இருக்காது. பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தானியத்தைக் குறைத்து, காய்ந்த புல்லை அதிகமாக்கி, ராத்திரிக்கும் மெல்ல ஏதாவது கிடக்கும்படி செய்யுங்கள். குதிரை மசால் என்கிற தீவனப் பயிரும் கொஞ்சம் சேர்க்கலாம், பேரிலேயே இருக்கிறது பாருங்கள். அளவை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அது தனியாக இருக்கிறது. குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது சரி, ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும், காவலுக்கு இன்னொரு உயிர் இல்லையென்றால் பல குதிரைகள் படுப்பதே இல்லை. காலையில் அது உடம்பில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தூக்கமில்லாத குதிரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு குதிரை வாங்கச் சொல்லவில்லை, ஒரு வெள்ளாட்டைப் பக்கத்தில் விட்டுப் பாருங்கள், நான் பார்த்தவரை பாதிக் குதிரைகளுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

சரி, இனி பழக்கத்துக்கு வருவோம். உங்கள் மூன்றாவது வீடியோ, அதை ஏன் அனுப்பினோம் என்றுகூட நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டம்மா மட்டை பொறுக்கிக்கொண்டு போகிறார், செவலை கயிறு இல்லாமல் வேலிக்குள் மேய்கிறது. அவர் அதை நேராகப் பார்க்கவே இல்லை. நேர்க்கோட்டில் போகாமல் வளைந்து போகிறார், குனிகிறார், நிமிர்கிறார், தூரத்தில் அது தலையைத் தூக்கியதும் சும்மா நின்றுவிட்டு வேறு பக்கம் திரும்பி மட்டையைக் கட்டுகிறார். நாலு நிமிடத்தில் அது கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு அவர் பின்னால் பத்தடி வந்துவிட்டது. நான் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பதை அவர் மட்டை பொறுக்கும்போது செய்கிறார்.

என்ன நடந்தது என்று உடைத்துச் சொல்கிறேன். குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில், கிட்டத்தட்ட 350 டிகிரிக்குச் சுற்றிலும் தெரியும், தெரியாதது நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னாலும்தான். நீங்கள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு போகிறீர்கள், ஒரு கட்டத்தில் அந்தக் கை அதன் பார்வையிலிருந்து மறைந்தே போகிறது, அப்புறம் திடீரென்று நெற்றியில் வந்து படுகிறது. மூன்றாவது ஆள் நின்று கை தட்டிய இடமும் தெரியாத இடம்தான். தலையைத் தூக்காமல் என்ன செய்யும்? வீட்டம்மா தோளுக்குப் பக்கவாட்டில், தெரிகிற இடத்தில் போகிறார். அதைவிட முக்கியம், அது 'போதும்' என்று சொன்னபோது அவர் நின்றார்.

உங்கள் முதல் வேலை அந்தப் 'போதும்' எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பது. தென்னையை 25 அடிக்கு ஒன்றாக நட்டிருப்பீர்கள், அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். செவலையைக் கயிறு இல்லாமல் வேலிக்குள் விட்டு, புல் போட்டு, நாலு மரம் தள்ளியிருந்து மெதுவாக, வளைந்து, தோளைப் பார்த்து நடந்து போங்கள். அதன் வாயைக் கவனியுங்கள். காது திரும்புவதற்கும் கழுத்து நிமிர்வதற்கும் முன்னால் மெல்லுகிற வாய் ஒரு நொடி நிற்கும். அந்த இடம்தான். அங்கேயே நில்லுங்கள், மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், பக்கவாட்டில் திரும்பி ஓரடி பின்னால் போங்கள். மறுபடி மெல்ல ஆரம்பித்ததும் முழுதாகத் திரும்பிப் போய்விடுங்கள். இதைக் காலையில் 15 நிமிடம், வெயில் தாழ்ந்ததும் 15 நிமிடம், அவ்வளவுதான். முதல் நாள் இரண்டரை மரத்தில் வாய் நின்றால், நாலாம் நாள் இரண்டு மரத்தில் நிற்கலாம், ஐந்தாம் நாள் காற்றடித்தால் மறுபடி மூன்றுக்கும் போகலாம். அதற்காகச் சலித்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்தில் போவதற்கு விலகிப் போகச் சொல்கிறேனே என்று இருக்கும். இதுவரை அந்தக் குதிரை சொன்ன எதையும் யாரும் கேட்டதில்லை. வாயை நிறுத்திச் சொன்னது, காதைத் திருப்பிச் சொன்னது, கழுத்தைத் தூக்கிச் சொன்னது, கேட்கவில்லை, கடைசியில் பின்னங்காலில் எழும்பிச் சொன்னது, அப்போதுதான் எல்லோரும் விலகினார்கள். எழும்பினால்தான் இந்த மனுஷர்களுக்குக் காது கேட்கும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. வாய் நின்றாலே நீங்கள் விலகினால், எழும்ப வேண்டிய வேலை அதற்கு இல்லாமல் போகும். இதில் நீங்கள் தோற்றுப்போவதாக யாராவது வேலிக்கு வெளியே நின்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கை எட்டுகிற தூரம் வந்ததும் தலைக்குப் போகாதீர்கள். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் ஒரு மேடு இருக்கும், குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் அது. பிரான்சில் கமார்க் குதிரைகளை வைத்து நடத்தி 1993இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த இடத்தைச் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத்துடிப்பே குறைவதை அளந்து காட்டினார்கள். புறங்கையால் முதலில் தொடுங்கள், பிறகு விரல்நுனியால் நன்றாகச் சொறியுங்கள். நம் ஆட்கள் கழுத்தில் சப்பென்று அடித்து 'சபாஷ்' என்பார்கள், அந்தச் சபாஷ் அதற்கு அடியாகத்தான் தெரியும். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். கையை எடுத்ததும் அது உங்கள் பக்கம் சாய்ந்தாலோ கழுத்தை நீட்டினாலோ மறுபடி சொறியலாம் என்று அர்த்தம், அப்படியே நின்றால் இன்றைக்கு அவ்வளவு போதும்.

அது நிதானமாக இருக்கும்போது நாடித்துடிப்பையும் எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். இடது முன்னங்கால் உடம்போடு சேருகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் விலாவில் கையை வைத்தால் தெரியும். ஓய்வில் இருக்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வெளிப்பார்வைக்கு அசையாமல் நிற்கிற குதிரையின் துடிப்பு 70ஐத் தாண்டி ஓடுவதை நான் எண்ணியிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிளாஸ்டிக் சாக்கைக் கழுத்தில் கட்டிவிடு, பயந்து ஓடி ஓடிக் களைத்துத் தானாகப் பழகிவிடும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். களைத்து நிற்கும்தான். அது சாக்குக்குப் பழகி நிற்பதில்லை, ஓடிப் பயனில்லை என்று நிற்பது. அப்படிப்பட்ட குதிரை ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெடிக்கும், அன்றைக்கு மேலே உட்கார்ந்திருப்பது யாரோ. வட்டமாக வேலி போட்டுக் குதிரையை விரட்டி விரட்டி, கடைசியில் அது தலையைத் தாழ்த்தி ஆளைத் தேடி வருகிற வீடியோக்களையும் பார்த்திருப்பீர்கள். கை தேர்ந்தவர்கள் செய்தால் சில குதிரைகளுக்கு அது சரிப்படலாம், ஓடுவதையே வேலையாக வைத்திருக்கிற செவலைக்கு வேண்டவே வேண்டாம்.

இனிக் கயிறு. மேட்டைச் சொறிவதற்கு நிம்மதியாக நிற்கிறது என்றால் தலைக்கயிறு போடலாம், கடையில் ஹால்டர் என்று கேட்டாலும் தருவார்கள். கடிவாளம் வேண்டாம். பிடிகயிறு 12 அடி, பருத்தியாக இருக்கட்டும், நைலான் கையை அறுக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மீதிக் கயிற்றை மடித்து மடித்துப் பிடிக்க வேண்டும். என் இடது கை மோதிரவிரல் இன்றும் நேராக நீளாது, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு லாயத்தில் எல்லோரும் சுற்றுகிறார்களே என்று நானும் சுற்றிக்கொண்டு நின்றேன், பட்டாசு வெடித்தது. செருப்போடு போகாதீர்கள், கால் மூடுகிற ஷூ போட்டுக்கொள்ளுங்கள், நேர் முன்னாலும் நேர் பின்னாலும் நிற்காதீர்கள்.

முதலில் தலையைத் தாழ்த்தச் சொல்லிக்கொடுங்கள். தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தாடைக்குக் கீழே கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, கயிற்றின் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவே, கீழ்நோக்கி அழுத்திக் காத்திருங்கள். ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற பிராணி அது, உங்கள் இரண்டு விரல் அதற்கு நன்றாகவே கேட்கும். முதலில் மேலே தூக்கிப் பார்க்கும். நீங்கள் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், கூடவே போங்கள். எப்போதாவது ஓர் அங்குலம் கீழே வரும், வரும்போதே விரலைத் திறந்துவிடுங்கள். வந்து முடிந்தபிறகு இல்லை, வரும்போதே. குதிரை கற்றுக்கொள்வது இழுப்பிலிருந்து இல்லை, எந்த நொடியில் இழுப்பு போனது என்பதிலிருந்து. நீங்கள் ஒரு நொடி தாமதித்தால், அதற்குள் அது மறுபடி தலையைத் தூக்கியிருந்தால், தூக்குவதற்குத்தான் நீங்கள் இப்போது பரிசு கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் இரண்டாவது வீடியோவில் நடப்பது அப்படியே இதுதான். இழுக்கிறீர்கள், அது எழும்புகிறது, பயந்து கயிற்றை விடுகிறீர்கள். இரண்டே நாளில் அற்புதமாக எழும்பக் கற்றுக்கொண்டுவிட்டது. முட்டாள் குதிரை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள்.

தலை மேட்டுக்குக் கீழே வந்து நிற்கப் பழகியதும் ஓரடி முன்னால், ஓரடி பின்னால், அப்புறம் பின்புறத்தை ஒதுக்குவது. கடைசியாகச் சொன்னதுதான் ஆட்டத்துக்கு மருந்து. தலையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, எட்டி உதைக்க முடியாத தூரத்தில் தோளோரமாகவே நின்று, அதன் இடுப்பைப் பார்த்து ஓரடி எடுத்து வையுங்கள். பின்னங்கால் ஒன்றை மற்றதற்குக் குறுக்காக வைத்து விலகும். விலகியதும் நின்று, தளர்த்தி, மூச்சு விடுங்கள். பின்னங்கால் குறுக்கே போகிற குதிரையால் அதே நேரம் எழும்பவும் முடியாது, நின்ற இடத்தில் ஆடவும் முடியாது. ஆட்டம் ஆரம்பித்தால் கயிற்றை இறுக்கிப் பிடித்து 'ஹோ ஹோ' என்று கத்தாதீர்கள், அதற்கு அது பழைய இரண்டு கயிறு மாதிரியே இருக்கும். போக இடம் கொடுங்கள், பெரிய வட்டமாக நடத்துங்கள், இரண்டு தடவை பின்புறத்தை ஒதுக்குங்கள், நில்லுங்கள். திரும்பத் திரும்ப ஆடினால் ஏதோ ஒன்றுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறீர்கள், மோட்டார் அறையோ, மயிலோ, மண்ணில் நெளிந்து கிடக்கிற கறுப்புச் சொட்டுநீர்க் குழாயோ. ஒரு மரம் தள்ளிப் போய்விடுங்கள்.

பயமுறுத்துகிற பொருளைப் பழக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சாக்கைச் செவலையை நோக்கிக் கொண்டுவராமல், உங்கள் மகனோ வேலையாளோ அதை இழுத்துக்கொண்டு தள்ளிப் போகட்டும், நீங்கள் செவலையோடு பின்னால் போங்கள். தன்னைவிட்டு விலகி ஓடுகிற ஒன்றைப் பார்த்துக் குதிரை அதிகம் பயப்படாது, கொஞ்ச தூரத்தில் தானே முகர்ந்து பார்க்க எட்டும். வேலையாளுக்குச் சிரிப்பு வரும், பரவாயில்லை.

நடுவில் அது கொட்டாவி விடும், கண் சிமிட்டும், நாக்கைச் சுழற்றி வெறும் வாயை மெல்லும், ஒரு பின்னங்காலை மடக்கி நிற்கும். வெறும் வாயை மென்றால் 'எனக்கு அடங்கிவிட்டது' என்று பலர் சொல்வார்கள். அதை அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், பதற்றம் இறங்கும்போது, காய்ந்த வாயில் எச்சில் ஊறும்போது வருவது அது. அப்படியென்றால் சற்று முன்னால் பதற்றம் ஏறியிருந்தது என்றும் அர்த்தம். அடிக்கடி மென்றால் பாடத்தைச் சின்னதாக்குங்கள்.

மரத்தில் கட்டுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். மருத்துவர் வரும்போது கட்டியே ஆக வேண்டும் என்றால் மரத்தில் ஒரு சணல் வளையம் போட்டு, மேட்டின் உயரத்துக்கு, அந்த வளையத்தில், நுனியை இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சாகக் கட்டுங்கள், பின்னால் இழுத்தால் சணல் அறுந்துபோகும், கழுத்தெலும்பு தப்பிக்கும்.

கடிவாளத்துக்கு வருகிறேன். கொள்ளென்றால் வாய் திறக்கும் குதிரை கடிவாளமென்றால் வாய் மூடும் என்று பழமொழியே வைத்திருக்கிறோம், காரியக்காரனைக் கேலி செய்ய. எனக்கு எப்போதுமே அந்தக் குதிரை பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். கொள்ளு நல்லது, கடிவாளம் வலித்தது, திறந்தும் மூடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, வேறு எப்படிச் சொல்லும்? பல்லை ராவி இரண்டு மாதமாவது வாயில் எதுவும் போடாதீர்கள், தலைக்கயிற்றிலேயே நடக்கவும் நிற்கவும் திரும்பவும் செய்யலாம். அதற்குப் பிறகு வழவழப்பான சாதாரணக் கம்பி உள்ள கடிவாளம் ஒன்றில் கரைத்த வெல்லத்தைத் தடவி, கையில் வைத்துக்கொண்டு நக்க விடுங்கள், நக்கியதும் எடுத்துவிடுங்கள். அது தானாக வாயில் வாங்கிக்கொள்கிற வரை வார் எதையும் காதுக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். வாரை மாட்டும்போதும் காதை மடக்கித் திணிக்காமல், பக்கவாட்டில் அவிழ்த்துக் கட்டுகிற மாதிரி வாங்கினால் காதைத் தொடாமலே முடியும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். ஒரு வாரத்தில் தொட விடலாம், மூன்று வாரமும் ஆகலாம். ஒருவர் நிம்மதியாக ஏறி இறங்குவதற்கு நான் 6 மாதத்துக்குக் குறைவாகச் சொல்ல மாட்டேன், அதுவும் முதலில் ஏறுவது பழக்கம் உள்ள ஒருவர், ஹெல்மெட் போட்டுக்கொண்டு. மகள் அதுவரை என்ன செய்வாள் என்றால், அவளுக்கு இருப்பதிலேயே நல்ல வேலை இருக்கிறது. வேலிக்கு வெளியே நோட்டோடு உட்காரட்டும், மெல்லுகிற வாய் எப்போது நின்றது, எந்த மரத்தில், அப்போது அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதட்டும். உங்களால் உங்கள் கையையும் பார்த்துக் குதிரையின் வாயையும் பார்க்க முடியாது. 'அப்பா, நின்னுடுச்சு' என்று அவள் மெதுவாகச் சொன்னால் நீங்கள் நின்றுவிட வேண்டும், அதில் கௌரவம் பார்க்கக் கூடாது.

ஊர்வலம், இந்த ஆடிக்கு வேண்டாம். அதற்கு இன்னும் நாலு மாதம்கூட இல்லை. பம்பையும் உறுமியும் வெடியும் கூட்டமும் செவலைக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று மேலே எழுதிவிட்டேன். அங்கே ஆடும், எல்லோரும் கை தட்டுவார்கள், வீடியோ எடுப்பார்கள், இத்தனை நாள் நீங்கள் செய்ததெல்லாம் ஒரே சாயங்காலத்தில் போய்விடும். வேண்டுதல் என்றால் நீங்கள் மட்டும் போய்ச் சாமி கும்பிட்டு வாருங்கள். வீட்டில் அது புல் மென்றுகொண்டிருக்கும்போது நாலு மரத்துக்கு அப்பால் ஃபோனில் மேளத்தைச் சன்னமாகப் போட்டுப் பாருங்கள், வாய் நின்றால் அணைத்துவிடுங்கள். அடுத்த வருட ஆடியைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், குறிப்பாகப் பல்லையும் காதையும் பற்றி. இன்னொரு வீடியோவும் அனுப்புங்கள். அதில் செவலைக்குப் பக்கத்தில் போகிறவர் உங்கள் வீட்டம்மாவாக இருக்கட்டும், நீங்கள் மூன்றாவது மரத்தில் நின்று படம் பிடியுங்கள்.